நாற்பது பிரதிகளோடு நோர்வூட்டுக்கு

செவ்வாய், 2024 ஜூலை 16: கோட்டை, நாவலப்பிட்டி, ஹட்டன்

என் பையில் பாதிக் கனம் காகிதம். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் அதை மேல் தட்டில் ஏற்றிவைக்க உதவிய இளைஞர், "உள்ளே கல்லா அக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். நாற்பது பிரதிகள், ஒவ்வொன்றும் ஒன்பது பக்கம். வெள்ளவத்தையில் பக்கத்துக்கு 10 ரூபாய் கொடுத்து எடுத்தவை.

என்ன காகிதம் என்று சொல்லிவிடுகிறேன். அடிமைத்தனத்தின் சமகால வடிவங்களை ஆராயும் ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாடா 2021 நவம்பர் 26 முதல் டிசம்பர் 3 வரை இலங்கையில் இருந்தார். அவருடைய அறிக்கை 2022 செப்டெம்பரில், ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவையின் 51ஆவது அமர்வில் வைக்கப்பட்டது. மலையகத் தமிழரைப் பற்றி, அதாவது ஒருகாலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் வழி வந்தவர்களைப் பற்றி, அதில் கனமான பத்திகள் உண்டு. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. யாருடைய காம்பராவைப் பற்றி (தோட்டத்து ஒற்றை அறை வீடு) எழுதப்பட்டதோ அவர்கள் அதை வாசிக்க வேண்டுமானால், யாராவது உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். ஹட்டனில் இயங்கும் சிறிய பெண்கள் அமைப்பு ஒன்று என்னிடம் கேட்டது. மலையகம் பற்றிய பகுதிகளைத் தமிழாக்கினேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் மட்டக்களப்பில் பிறந்து, கொழும்பில் பதினாறு வருடமாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், மலையகத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். அது உறுத்தியது. நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் நல்ல வெயில். கம்பளை தாண்டியதும் மழை. நாவலப்பிட்டியில் ரயில் நின்றது நின்றதுதான். மேலே பாதையில் மரம் விழுந்துவிட்டது, எப்போது சரியாகும் என்று தெரியாது என்றார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, எல்லோரையும் போல இறங்கி பஸ் நிலையத்துக்கு நடந்தேன். இஞ்சி போட்ட பிளேன் டீ 50 ரூபாய், உளுந்து வடை 70. கடைக்காரர் என் தலை நனைந்திருந்ததைப் பார்த்து, கேட்காமலே ஒரு துவாயை எடுத்து நீட்டினார்.

கினிகத்தேனை வழியாக ஹட்டன் போகும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பையைப் பின்பக்கச் சாமான் அறையில் போட்டுவிட்டார்கள். வட்டவளையில் இருக்கை கிடைத்தது. பக்கத்தில் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை அதிபர் ஒருவர். எதற்காக வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் 2003இல் ஐ.நா.காரர்களோடு வேலை செய்திருக்கிறேன்" என்று தொடங்கினார்.

பிரஜாவுரிமைக் கதை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தும் போகாமல் நின்றவர்கள் பலர். 1984இல் இந்தியாவுக்கான தலைமன்னார்க் கப்பல் ஓடுவதும் நின்றது. கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டால் போதும். அரசாங்கம், ஐ.நா. அகதிகள் உயர் ஸ்தானிகராலயம், தொழிற்சங்கம் எல்லாம் சேர்ந்து நடமாடும் முகாம்கள் நடத்தின. பத்து நாளில் சுமார் 1,90,000 பேர் பிரஜைகள் ஆனார்கள்.

எனக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும், மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனால் அந்த அதிபர் சொன்னது வேறு. "பிஸ்கட் டின்னில் காகிதம் கொண்டுவருவார்கள். திறந்தால் பூச்சி அரித்த பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் துண்டுச் சீட்டு, செத்துப்போன மாமியாரின் அரிசிக் கூப்பன். எதுவுமே வீசப்படவில்லை. ஐம்பது வருடமாக எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்கள், என்றைக்காவது ஒருவர் கேட்பார் என்று." படிவமும் பயிற்சியும் வாகனமும் ஐ.நா.காரர்கள் கொண்டுவந்தார்கள் என்றார். எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) யாரிடம் எந்தக் காகிதம் இல்லை, யார் வெட்கப்பட்டு வராமல் இருப்பார், யாரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது என்றார். "அவர்கள் தனியாக வந்திருந்தால் பத்து வருடம். நாங்கள் தனியாகச் செய்திருந்தால் இன்னும் பிஸ்கட் டின்தான்."

ஹட்டனில் இறங்கும்போது என் குடையை விரித்துப் பிடித்து, ஓட்டோவரை கூடவே வந்தார்.

சாமான் அறைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. இருபது பிரதிகளுக்கு மேல் ஈரம். அமைப்பை நடத்தும் அக்காவின் வீட்டில்தான் தங்கினேன். அவர் பதறவில்லை, அடுப்புக்கு மேலே விறகு காய வைக்கும் பரணில் பக்கம் பக்கமாகப் பரப்பினார். இரவு ரொட்டியும் கட்டச்சம்பலும். நான் சாப்பிடச் சாப்பிட, தலைக்கு மேல் ஜெனிவா அறிக்கை புகையில் காய்ந்துகொண்டிருந்தது.

புதன், ஜூலை 17: ஹட்டன்

நாள் முழுக்க மழை. ஆடி பிறந்துவிட்டது. கொழும்பில் எடுத்த சுவெட்டர் போதவில்லை, சந்தையில் கம்பளிச் சால்வை ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன்.

அமைப்பின் அலுவலகம் மருந்துக் கடைக்கு மேல் இரண்டு அறை. மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். சம்பளம் ஒரு வெளிநாட்டு நிதித் திட்டத்திலிருந்து வருகிறது. மூன்று வருடத் திட்டம், வரும் டிசம்பரோடு முடிகிறது. அடுத்ததற்கான விண்ணப்பம் 34 பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில். இவர்களில் யாரும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் அல்ல. எந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து நின்று கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனது என்று தேதியோடு சொல்லக்கூடியவர்கள். அது அந்த 34 பக்கத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. காலை முழுக்க நான் அந்த விண்ணப்பத்துக்குத்தான் உட்கார்ந்தேன், யாரும் கேட்காமலே.

எழுதும்போது ஒன்று கவனித்தேன். படிவத்தில் நிதி கொடுப்பவரும் கொழும்பு நிறுவனமும் பங்காளர்கள். தோட்டத்து மக்கள் பயனாளிகள். இத்தனை வருடம் இந்த இரண்டு சொல்லையும் யோசிக்காமல் தட்டச்சு செய்திருக்கிறேன்.

அக்கா இந்த உறவை வெறுக்கவில்லை, நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர். ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை 2010இல் இலங்கைக்கு நிறுத்தப்பட்டு 2017இல் திரும்பக் கிடைத்தது. தொழிலாளர் உரிமை, மனித உரிமை, சூழல் உட்பட 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்துவது அதற்கு நிபந்தனை. கண்காணிக்க வருகிறவர்கள் தொழிற்சங்கங்களையும் சிவில் அமைப்புகளையும் சந்திப்பார்கள். "அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் ஒரு மாதம் தயாராவோம். உள்ளூரில் பத்துக் கடிதத்துக்கு அசையாத மேசை, அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் அசையும்." பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது, அதன் குழுவுக்கு அரசின் அறிக்கையைத் தவிர அமைப்புகள் தனியாக அனுப்பும் நிழல் அறிக்கைக்கும் இந்த அறையிலிருந்து விவரம் போகிறது. "போகிறது" என்று சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினார். "திரும்பி வருவதில்லை. நாங்கள் சொன்னது எந்தப் பக்கத்தில் வந்தது, என்ன பதில் கிடைத்தது என்று லயத்தில் கேட்பார்கள். நான் என்ன சொல்வது? அதனால்தான் உங்களைக் கேட்டேன்."

மதியச் சாப்பாடு கீழே கடையில்: சோறு, பருப்பு, போஞ்சிப் பொரியல், லீக்ஸ் போட்ட கருவாடு, 350 ரூபாய். கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டார்கள்.

வியாழன், ஜூலை 18: நோர்வூட்டுக்கு மேலே

டிக்கோயா தாண்டினால் காசல்ரீ நீர்த்தேக்கம். மழையில் தண்ணீர் எது, பனி எது என்று தெரியவில்லை. நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு ஓட்டோவில் ஏறினோம். பாதி மலையில் பாதை முடிந்தது. மிச்சம் முக்கால் மணி நேரம் நடை, தேயிலைக்கு நடுவே படி. கணுக்காலில் அட்டை. அக்கா பையிலிருந்து சவர்க்காரத் துண்டை எடுத்து என் காலில் தேய்த்துவிட்டார்.

லயத்துக்குக் கீழே சிமெந்துத் தண்ணீர்த் தாங்கி ஒன்று, பக்கத்தில் பெயர்ப்பலகை. பலகையில் நான்கு சின்னங்கள் மங்கியிருந்தன. தாங்கிக்குள் இலை. மேலே ஊற்றிலிருந்து வரும் குழாய் இரண்டு வருடத்துக்கு முன் மண் சரிந்து உடைந்ததாம். திட்டம் முடிந்திருந்தது, கட்டிக் கொடுத்தவர்களின் தொலைபேசி இலக்கம் மாறியிருந்தது. பிரதேச சபை ஏன் திருத்தவில்லை என்று நான் கேட்டேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாதபடி தடுத்திருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடம் பாதை, தண்ணீர், விளக்கு எதற்கும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையையோ தொண்டு நிறுவனத்தையோதான் பார்த்து நிற்க வேண்டும். சட்டம் மாறிவிட்டது, காசு இன்னும் மேலே ஏறி வரவில்லை என்றார் அக்கா. ஆகவே குழாயைத் தற்காலிகமாகக் கட்டியவர்கள் லயத்து ஆண்கள் தாங்களே, சைக்கிள் டியூப் கிழித்து. அந்த முடிச்சைக் காட்டினார்கள். தண்ணீர் மெல்லிய நூலாக வந்துகொண்டிருந்தது.

கொழுந்து நிறுக்கும் நிலுவை முடிந்து பெண்கள் வர ஐந்தே கால் ஆனது. இடுப்பில் மழைக்குக் கட்டிய படங்கு, அதிலிருந்து சொட்டும் தண்ணீர். நாளுக்கு 18 கிலோ. குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். நாள் சம்பளம் 2021 முதல் 1,000 ரூபாயாக இருந்தது. மே மாதம் வர்த்தமானியில் வந்த 1,700 ரூபாய்க்கு இந்த மாதம் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டிருந்தது; எல்லோருடைய பேச்சும் அதுதான். நான் அறிக்கையை எடுக்க வெட்கப்பட்டேன். இத்தனை களைப்பில் யார் ஒன்பது பக்கம் கேட்பார்கள்?

கேட்டார்கள். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், சாக்கு விரித்து, பதினேழு பேர். கையில் பிளேன் டீ, உள்ளங்கையில் சீனி. பக்கங்களில் இன்னும் அடுப்புப் புகை வாசம். நான் வாசித்தேன்.

சிறிய இடத்தில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை வாழ்கிறார்கள், சரியான சமையலறை இல்லை, கழிப்பறை இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை என்று வரும் இடத்தில் ஒரு பெண் கையைத் தூக்கினார். "எங்கள் காம்பராவில் பதினொரு பேர். அதை எழுதுங்கள். ஆனால் எங்கள் லயத்தில் கரண்ட் இருக்கிறது. அதையும் எழுதுங்கள் மிஸ். இல்லாததை இல்லை என்று சொல்லலாம், இருப்பதை இல்லை என்று சொன்னால் மிச்சத்தையும் பொய் என்றுவிடுவார்கள்."

நான் பென்சில் எடுத்தேன். அதன் பிறகு வாசிப்பு வாசிப்பாக இருக்கவில்லை. ஒவ்வொரு பத்தியிலும் நிறுத்தினார்கள். இது மேல் பிரிவுக்குப் பொருந்தும், நமக்கு இல்லை. இது சரி, ஆனால் வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவைப் பற்றி ஒன்றும் காணோமே. கொழுந்து எடுக்கும் மலையில் கழிப்பறை இல்லாததை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே.

தூணில் சாய்ந்து நின்ற பெரியவர் ஒருவர் முதலிலிருந்தே பேசவில்லை. அவர் மகனிடமிருந்து பிரதியை வாங்கி முதல் பக்கத் தலைப்பில் விரலை வைத்தார். "அடிமை என்று போட்டிருக்கிறது." ஆமாம், அது அந்தப் பதவியின் பெயர், சட்டச் சொல் என்று விளக்கினேன். "சட்டமாக இருக்கட்டும். என் அப்பன் சங்கம் வைத்தவன். நான் அடிமை இல்லை. என்னை அப்படி நடத்துகிறார்கள் என்று எழுது. இரண்டும் ஒன்றா?"

ஒன்றல்ல. பதினாறு வருடத்தில் என் மொழிபெயர்ப்பை இவ்வளவு சரியாகப் பிடித்துத் திருத்தியவர் வேறு யாரும் இல்லை. பதவிப் பெயரை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அறிக்கை மக்களைப் பற்றிப் பேசும் இடங்களில், "அடிமை" என்ற சொல் ஆள்மேல் விழாமல் நடத்தும் முறைமேல் விழும்படி வாக்கியத்தைத் திருப்பலாம். அங்கேயே நான்கு இடத்தில் திருப்பி வாசித்துக் காட்டினேன். அவர் நான்காவது முறை தலையசைத்தார்.

முன்னுரையில் நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: சர்வதேச நிறுவனங்களும் சிவில் சமூக அமைப்புகளும் பங்காளிகளாகச் செயற்பட வேண்டும். சுவரோரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த பாட்டி அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

"பங்காளியா?"

"ஆமாம் பாட்டி, சேர்ந்து வேலை செய்கிறவர்கள்."

"அது கூட்டாளி, மகள். பங்காளி என்றால் பங்கு இருக்க வேண்டும். செத்தால் தீட்டுக் காக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரை நம் வீட்டுக்குத் தீட்டுக் காப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும். ஆனால் பாட்டி விளையாட்டாகச் சொல்லவில்லை. தண்ணீர்த் தாங்கியின் பக்கம் கையை நீட்டினார். "கட்டும்போது வந்து படம் எடுத்தார்கள். அது செத்தபோது ஒருவரும் வரவில்லை."

இரவு தூக்கம் வரவில்லை. தகரத்தில் மழை. இந்தப் பக்கம் பாயில் நான், அக்கா, வீட்டுக்காரப் பெண்ணின் இரண்டு மகள்கள். திரைக்கு அந்தப் பக்கம் மிச்சப் பேர். யாராவது புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று எத்தனை முறை தட்டச்சு செய்திருக்கிறேன்.

வெள்ளி, ஜூலை 19: அதே லயம்

ஆடி முதல் வெள்ளி. விடியலில் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சினார்கள். சின்ன வெங்காயமும் கருவாட்டுப் பொரியலும் கூடவே. மழை ஒரு மணி நேரம் விட்டது. பச்சை கண்ணைக் கூசியது. பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, போகும் முன் ஒவ்வொருவராக வந்து நேற்றுச் சொல்ல மறந்ததைச் சொன்னார்கள். ஒரு பெண் தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டி, கழிவுகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கையில் வந்தது பாதிக்கும் குறைவு. அவர் சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தி, என் ஓரக் குறிப்புகளை எல்லாம் தன் கொப்பியில் வரிசைப்படுத்தி அழகாக எழுதியிருந்தாள், ராத்திரி விளக்கில். பக்க எண், பத்தி எண், எங்கள் திருத்தம் என்று மூன்று நிரல். "இதை அவருக்கு அனுப்ப முடியுமா மிஸ்?" முடியும். விசேட அறிக்கையாளர்களுக்கு அமைப்புகளும் தனி ஆட்களும் தகவல் அனுப்பலாம்; அதற்கு வழி இருக்கிறது. நான் ஆங்கிலமாக்குகிறேன், அக்காவின் அமைப்பு அனுப்பும். ஆனால் அதற்கு முன், திருத்திய தமிழ்ப் பிரதியை இங்கே தபாலில் அனுப்புகிறேன், சரிபார்த்துக் கொடுங்கள் என்றேன். என்ன முகவரி?

அவள் பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினாள். லயத்துக்கு இலக்கம் இல்லை, வீட்டுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் போகும். அங்கிருந்து எப்போது, யார் கையில், திறந்தா மூடியா என்று சொல்ல முடியாது. வேலைக்கான நேர்முகக் கடிதம் தேதி கடந்து வந்து சேர்ந்த கதைகள் இரண்டை அங்கேயே சொன்னார்கள். கடைசியில் நோர்வூட் நகரத்துச் சில்லறைக் கடை ஒன்றின் முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

இறங்கும் வழியில் மழை திரும்பப் பிடித்தது. இரண்டு முறை வழுக்கினேன். பின்னால் விறகோடு வந்த பெண் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டே கீழ்வரை வந்தார், மறுகை தலைச்சுமையில். பெயர் கேட்க நினைத்து மூச்சு வாங்கியதில் மறந்துவிட்டேன்.

சனி, ஜூலை 20: நோர்வூட், ஹட்டன், கொழும்பு

போயா தினம், பௌர்ணமி விடுமுறை. பாதி நகரம் மூடியிருந்தது. அந்தச் சில்லறைக் கடை திறந்திருந்தது. பருப்பு, மாசி, மண்ணெண்ணெய் வாசம். கல்லாவுக்குப் பின்னால் கம்பி ஒன்று, அதில் துணி மாட்டும் கிளிப்புகளில் கடிதங்கள். வங்கி, பாடசாலை, மின்சாரக் கட்டணம். எந்தக் கிளிப் எந்த லயம் என்று கடைக்கார அண்ணருக்கு மனப்பாடம். காசு வாங்குவதில்லை.

கொழும்பிலிருந்து தடித்த உறை ஒன்று வரும், மேல் லயத்துக்கு என்று சொன்னேன். உள்ளே என்ன என்று கேட்டார். பையில் மிஞ்சியிருந்த பிரதியைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார், ஒரு வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு.

"எத்தனை அனுப்புவீர்கள்?"

"ஒன்று. சரிபார்க்கத்தானே."

"ஒன்று என்றால் முதல் வீட்டோடு நின்றுவிடும் மிஸ். அந்த லயத்தில் பன்னிரண்டு வீடு." கம்பியிலிருந்து காலியான கிளிப் ஒன்றைக் கழற்றி, கொஞ்சம் பெரியதாக வேறொன்றை மாட்டினார். "பன்னிரண்டாக அனுப்புங்கள்."